கோ ஆட்டத்தின் தொடக்கமும் பலவீனமான குழுவைத் துரத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருவர் கறுப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்து நிலம் வளைக்கும் பலகை ஆட்டமான கோவின் விதிகள் தெரியும், 9×9 பலகையில் கொஞ்சம் ஆடியும் ஆயிற்று. ஆனால் 19×19 பலகைக்கு வந்ததும் 361 புள்ளிகள் கண்ணைக் கட்டுகின்றன. முதல் கல்லை எங்கே வைப்பது, எதிராளியின் கற்களை எப்போது துரத்துவது, துரத்தி என்ன கிடைக்கும் என்று குழப்பம் வருகிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உலகெங்கும் புழங்கும் ஜப்பானியச் சொற்கள் சிலவற்றை அப்படியே வைத்திருக்கிறேன். மற்றவற்றுக்கு எளிய தமிழ்ச் சொல்லே போதும்.

முதல் கல்லை ஏன் மூலையில் வைக்கிறார்கள்?

மூலையில் பலகையின் இரண்டு ஓரங்களும் உங்களுக்காகச் சுவராக நிற்கின்றன. மூன்றுக்கு மூன்று, அதாவது ஒன்பது புள்ளி நிலத்தை வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் 6 கல் போதும். ஓரத்தில் 9 கல் வேண்டும். நடுவில் 12 கல். கிடைப்பது அதே ஒன்பது புள்ளிதான், உழைப்பு மட்டும் இரண்டு மடங்கு. அதனால்தான் முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியாக நடு என்று போகிறார்கள்.

நிலக் கணக்கு மட்டும் காரணமில்லை. ஒரு குழு உயிரோடு இருக்க இரண்டு கண், அதாவது தன் கற்களே சூழ்ந்த, எதிராளியால் நிரப்ப முடியாத இரண்டு தனித்தனிக் காலியிடம், வேண்டும். கண்களும் மூலையில்தான் சீக்கிரம் கிடைக்கின்றன, நடுப்பலகையில் கிடைப்பது கடினம். மூலையைப் பிடித்தவருக்கு நிலத்தோடு பாதுகாப்பும் கிடைக்கிறது. பிடிக்காதவரின் கற்கள் பின்னால் நடுவுக்கு ஓட வேண்டி வரும். தொடக்கத்தில் வைக்கும் ஒவ்வொரு கல்லையும் “இது எத்தனை புள்ளி தரும்” என்று மட்டும் பார்க்காமல், “இதனால் யாருடைய கற்கள் பலவீனமாகின்றன” என்றும் பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை தொடக்க உத்தியில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்விதான்.

மூலையில் 4-4 நல்லதா, 3-4 நல்லதா?

இரண்டு ஓரங்களிலிருந்தும் எண்ணிச் சொல்வதுதான் இந்த எண்கள். 4-4 என்பது நட்சத்திரப் புள்ளி, ஜப்பானியத்தில் ஹோஷி. ஒரே கல்லில் மூலை வேலையை முடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போகலாம். நடுவை நோக்கி அதன் பார்வை நன்றாக இருக்கும். ஆனால் கீழே 3-3 திறந்தே கிடக்கும், எதிராளி அங்கே இறங்கினால் மூலை நிலம் அவருக்குப் போகும். 3-4, அதாவது கொமோகு, மூலையை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. இன்னொரு கல் சேர்த்து மூலையைப் பூட்டினால் உறுதியான நிலம் கிடைக்கும், ஆனால் அதற்கு இரண்டு கல் செலவு.

3-3இல் வைத்தால் மூலை ஒரே கல்லில் உங்களுடையது, ஆனால் கல் தாழ்வாக இருக்கும். 5-3, 5-4 எல்லாம் பிறகு பழகிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் 4-4ஐத்தான் சொல்வேன். அதில் பின்தொடரும் வரிசைகள் குறைவு, தப்பு நடந்தாலும் ஆட்டம் உடனே சரிந்துவிடாது.

மூன்றாம் கோடா, நான்காம் கோடா?

மூன்றாம் கோடு நிலத்துக்கு, நான்காம் கோடு வெளிப்புற வலிமைக்கு. இரண்டையும் கலந்து வையுங்கள். எல்லாக் கல்லும் மூன்றாம் கோட்டில் இருந்தால் எதிராளி மேலிருந்து அழுத்தி நடுவை எடுத்துக்கொள்வார். எல்லாமே நான்காம் கோட்டில் இருந்தால் கீழே புகுந்துவிடுவார். தொடக்கத்தில் இரண்டாம் கோட்டில் ஊர்ந்து போவது மட்டும் வேண்டாம். அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு புள்ளி, எதிராளிக்கு ஒரு செங்கல்.

ஜோசெகி மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஜோசெகி என்பது மூலையில் இரு பக்கத்துக்கும் நியாயமான பலன் தரும் என்று ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட வரிசை. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இரண்டு மூன்றைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு கல்லும் ஏன் அங்கே வருகிறது என்று புரிந்துகொள்வது இருபதை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்ப்போம், பலகை இருந்தால் எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் இடது மூலையில் கறுப்பு 4-4இல் இருக்கிறது. வெள்ளை கீழ்ப்பக்கத்தில், மூன்றாம் கோட்டில், இடது ஓரத்திலிருந்து ஆறாவது புள்ளியில் நெருங்குகிறது. கறுப்பு அதற்குச் சமமாக இடது பக்கத்தில், மூன்றாம் கோட்டில், கீழிருந்து ஆறாவது புள்ளியில் பதில் வைக்கிறது. வெள்ளை இரண்டாம் கோட்டுக்கு வழுக்கி இறங்குகிறது, அதாவது 4-4 கல்லுக்கு நேர் கீழே ஒரு புள்ளி விட்டு அடுத்தது. கறுப்பு 3-3இல் வைக்கிறது. கடைசியாக வெள்ளை மூன்றாம் கோட்டில் வலப்பக்கம் விரிந்து ஒன்பதாவது புள்ளியில் உட்காருகிறது.

இப்போது ஒவ்வொன்றும் ஏன்? வெள்ளை வழுக்கி இறங்கியது மூலை நிலத்தைக் குறைக்க மட்டுமல்ல, தன் காலடியில் கண் வைக்க இடம் தேடி. கறுப்பு 3-3இல் வைத்தது மூலையைக் காக்க மட்டுமல்ல, வெள்ளைக்கு அந்தக் கண் கிடைக்காமல் செய்ய. அதனால்தான் வெள்ளைக்குக் கடைசி விரிவு தேவைப்படுகிறது. அந்த ஒரு கல்லை வைக்காமல் வெள்ளை வேறு எங்காவது போனால், கறுப்பு அதே இடத்தில் வந்து உட்காரும். இரண்டு வெள்ளைக் கற்கள் அடித்தளம் இல்லாமல், அதாவது ஓரத்தில் கண் வைக்கப் போதிய இடம் இல்லாமல், மிதக்கத் தொடங்கும். எளிமையான இந்த ஆறு கல் வரிசையிலேயே தொடக்கமும் தாக்குதலும் ஒன்றாக நெய்யப்பட்டிருக்கின்றன. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஜோசெகிகள் மீது ஆசை வந்தது.

பலவீனமான குழு என்றால் எது?

கற்களின் எண்ணிக்கை இதில் ஒரு பொருட்டே இல்லை. இருபது கல் சேர்ந்த நீளமான சங்கிலி பலவீனமாக இருக்கலாம், மூலையில் மூன்றே கல் அசைக்க முடியாமல் இருக்கலாம். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அந்தக் குழு அங்கேயே உட்கார்ந்து இரண்டு கண் வைக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் நடுவுக்கு ஓட வழி திறந்திருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் தன் வலுவான கற்களோடு சேர முடிகிறதா? மூன்றில் இரண்டு இருந்தால் கவலையில்லை, ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது பலவீனம். ஒன்றுமே இல்லையென்றால் ஆபத்து.

ஒரு எளிய சோதனையும் உண்டு. “எதிராளி இங்கே தொடர்ந்து இரண்டு கல் வைத்தால் இந்தக் குழு என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கல்லுக்குப் பிறகும் பிழைக்கும் என்றால் அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இரண்டு கல்லில் செத்துவிடும் என்றால் ஒரு கண் அதன் மேல் இருக்கட்டும். ஒரே கல்லில் சாகும் என்றால் இப்போதே ஏதாவது செய்ய வேண்டும்.

அடித்தளம் என்று சொல்கிறீர்களே, எவ்வளவு தூரம் விரிந்தால் அது கிடைக்கும்?

பழைய விதி ஒன்று இன்னும் செல்லும். மூன்றாம் கோட்டில் தனிக் கல்லிலிருந்து இரண்டு புள்ளி விட்டு விரியலாம். இரண்டு கல் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் மூன்று புள்ளி விட்டு விரியலாம். மூன்று கல் நின்றால் நான்கு. இதைவிட நெருக்கமாக வைத்தால் கற்கள் வீணாகும், இதைவிடத் தள்ளி வைத்தால் எதிராளி நடுவில் புகுந்து வெட்டுவார்.

இந்த விதி தாக்குபவருக்கும் உதவும். மேலே சொன்ன அதே மூலையில், வெள்ளை நெருங்கியதும் கறுப்பு 4-4 கல்லிலிருந்து குறுக்காக இறங்கி வெள்ளைக் கல்லை ஒட்டி, இடமிருந்து ஐந்தாவது புள்ளியில், மூன்றாம் கோட்டில் வைக்கலாம். வெள்ளை நிமிர்ந்து எழும், இரண்டு கல் தூணாகும். இரண்டு கல் தூணுக்கு ஏற்ற விரிவு மூன்று புள்ளி, அதாவது பத்தாவது புள்ளி. அந்த இடத்தில் ஏற்கெனவே கறுப்புக் கல் இருந்தால் வெள்ளைக்கு விரிய இடமே இல்லை. கனமான இரண்டு கல் அந்தரத்தில் நிற்கும், கறுப்புக்கு அருமையான தாக்குதல். அங்கே கறுப்புக் கல் இல்லையென்றால் நீங்களே எதிராளியை எழ வைத்து, சரியான தூரத்தில் விரியவும் வைத்துக் கொடுத்தீர்கள் என்றாகும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே கல் மருந்தாகவும் இருக்கும், விஷமாகவும் இருக்கும். தொடக்கத்தில் பலரும் செய்யும் தப்பு இங்கேதான்.

பெரிய இடம் முதலிலா, அவசரமான இடம் முதலிலா?

அவசரம்தான் முதலில். காலியான ஓரத்தில் விரிந்தால் இருபது புள்ளி மதிப்பு என்று தோன்றும். ஆனால் உங்கள் குழு ஒன்று அடித்தளம் இல்லாமல் நிற்கும்போது அதை விட்டுப் போனால், எதிராளி அதைத் துரத்திக்கொண்டே இருபதுக்கு மேல் சேர்த்துவிடுவார். இது எதிர்ப்பக்கமும் பொருந்தும். எதிராளி தன் பலவீனமான குழுவை விட்டுவிட்டுப் பெரிய இடத்துக்கு ஓடினால், நீங்களும் பின்னாலேயே ஓடி இன்னொரு பெரிய இடத்தை எடுக்காதீர்கள். அந்தக் குழுவைத் தாக்குவதுதான் அப்போது பலகையிலேயே பெரிய ஆட்டம்.

இரண்டு தரப்புக்கும் முக்கியமான புள்ளிகளும் உண்டு. அங்கே நீங்கள் வைத்தால் உங்கள் குழு நிலைக்கும், அவர் வைத்தால் உங்கள் குழு ஓட வேண்டும், அவருடையது நிலைக்கும். அப்படி ஒரு புள்ளி கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் வைக்க வேண்டும்.

தாக்கினால் கொல்ல வேண்டாமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. பதிலும் நீளமானது.

வேண்டாம். கொல்ல முடிந்தால் நல்லது, ஆனால் கொல்வதற்காகத் தாக்கக் கூடாது. எதிராளி ஓடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கல் வைக்கிறார், நீங்களும் ஒரு கல் வைக்கிறீர்கள். அவருடைய கல் உயிர் பிழைக்க மட்டுமே உதவுகிறது, நடுவில் நிலம் ஒன்றும் வளைப்பதில்லை. உங்களுடைய கல்லோ துரத்துவதோடு இன்னொரு வேலையும் செய்ய முடியும். ஒரு ஓரத்தை நிலமாக்கலாம், நடுவை நோக்கிச் சுவர் எழுப்பலாம், பக்கத்தில் உங்களுடைய பலவீனமான குழு இருந்தால் அதைத் தேற்றலாம், எதிராளி நிலமாக்க நினைத்த பகுதியை வழியிலேயே சிதைக்கலாம். பத்துக் கல் ஓட்டத்துக்குப் பிறகு அவர் இரண்டு கண் வைத்துப் பிழைத்துக்கொண்டார், உங்களுக்குப் பதினைந்து புள்ளி நிலம் சேர்ந்தது என்றால் அந்தத் தாக்குதல் வெற்றி. கடைசியில் சென்தே, அதாவது அடுத்த முன்முயற்சி, உங்கள் கையில் இருந்தால் இன்னும் மேல்.

கொல்ல வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் இது தலைகீழாகும். கண் வைக்கும் இடங்களையெல்லாம் அடைக்க உள்ளே உள்ளே வைப்பீர்கள். அந்தக் கற்கள் வேறு எதற்கும் உதவாது. குழு தப்பினால் உங்களிடம் சிதறிய கற்களும், எதிராளி புகுந்து அவற்றைப் பிரிக்கக்கூடிய வெட்டுப்புள்ளிகளும்தான் மிஞ்சும். நான் ஒரு ஆட்டத்தில் ஓரத்திலிருந்த ஐந்து கல் குழுவை இப்படித் துரத்தினேன். கண் கொடுக்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில், அதை என்னுடைய மோயோவுக்குள்ளேயே ஓட விட்டேன். மோயோ என்றால் இன்னும் பூட்டாத பெரிய நிலத் திட்டம். அந்தக் குழு மறுபக்கத்து நண்பர்களோடு போய்ச் சேர்ந்தது, மோயோ இருந்த இடத்தில் அவருடைய நெடுஞ்சாலை. ஐந்து கல்லை முதலிலேயே ஓரத்தில் சிறியதாகப் பிழைக்க விட்டிருந்தால் சுலபமாக வென்றிருப்பேன்.

ஜப்பானிய வீரர் கட்டோ மசாவோவுக்கு, எதிராளிகளின் பெரிய பெரிய குழுக்களைப் பிடித்ததால், கொலையாளி என்றே பட்டப்பெயர் இருந்தது. அப்படியொரு கை எல்லோருக்கும் அமையாது. அதற்கு வேண்டிய வாசிப்பு, அதாவது கல் வைக்காமலேயே பத்து இருபது கல் முன்னால் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் திறன், பல வருடப் பயிற்சியில் வருவது.

எந்தப் பக்கத்திலிருந்து துரத்துவது?

நீங்கள் எங்கே நிலம் வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்தப் பக்கத்திலிருந்து. எதிராளி உங்கள் வலுவான சுவரை நோக்கி ஓட வேண்டும். கீழ்ப்பக்க நடுவில் ஒரு வெள்ளைக் குழு இருக்கிறது, இடப்பக்கம் உங்கள் கறுப்புச் சுவர் உறுதியாக நிற்கிறது, வலப்பக்கம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் சுவர் இருக்கும் இடப்பக்கத்திலிருந்து நெருக்குவார்கள், ஏனென்றால் அங்கே பலம் இருக்கிறது என்ற தைரியம். வெள்ளை வலப்பக்கக் காலியிடத்தில் தாராளமாக விரிந்து உட்கார்ந்துகொள்ளும். சுவரும் வீண், காலியிடமும் போச்சு. வலப்பக்கத்திலிருந்து தாக்கினால் உங்கள் கல் அங்கே நிலமாக விரியும், வெள்ளை சுவரில் போய் முட்டும்.

வலுவான சுவருக்கு அருகிலேயே நிலம் வளைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். சுவரின் வேலை எதிராளியைத் துரத்தும்போது முதுகைத் தாங்குவது. அதன் காலடியில் ஆறு புள்ளி வளைத்தால் இரும்புக் கதவைக் கோழிக்கூண்டுக்குப் போட்ட மாதிரி.

தாக்கும்போது கல்லை ஒட்டி வைக்கலாமா?

பொதுவாகக் கூடாது. நீங்கள் ஒட்டி வைத்தால் அவர் வளைந்து பதில் வைப்பார், நீங்கள் நீட்டுவீர்கள், அவர் உறுதிப்படுத்திக்கொள்வார். நான்கு கல்லுக்குப் பிறகு பார்த்தால் பலவீனமாக இருந்த குழு வலுவாகிவிட்டிருக்கும். கை சும்மா இருக்காமல் அட்டாரி, அதாவது அடுத்த கல்லில் பிடித்துவிடுவேன் என்ற மிரட்டல், போடுவதும் இதே தப்புதான். தொட்டால் இரு பக்கமும் வலுப்படும் என்பது கோவின் இயல்பு.

தாக்குவதற்கு நல்ல வடிவம் சதுரங்கக் குதிரை நடை. எதிராளியின் முன்னால், கொஞ்சம் தள்ளி, அவர் போகும் வழியைப் பாதி மறைத்து நிற்கும். நேர் மேலே ஒரு புள்ளி விட்டுத் தொப்பி போடுவதும் உண்டு. ஓடுபவருக்கு ஒரு புள்ளி விட்டுத் தாவுவது நல்லது, வெட்டுவது கடினம். துரத்துபவருக்குக் குதிரை நடை, ஓடுபவருக்குத் தாவல் என்று இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

அப்படியானால் ஒட்டி வைப்பது எப்போதுமே தப்பா?

இல்லை, எதிராளியின் எந்தக் கல்லை ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பலவீனமான வெள்ளைக் குழுவைத் தாக்க விரும்புகிறீர்கள், அதற்கு எதிர்ப்பக்கம் வலுவான வெள்ளைக் குழு ஒன்று இருக்கிறது. அந்த வலுவான குழுவில் போய் ஒட்டுங்கள். அது இன்னும் வலுவானாலும் உங்களுக்கு நஷ்டம் அதிகமில்லை, எப்படியும் அது சாகப்போவதில்லை. அந்தச் சண்டையில் உங்களுக்கு ஒரு சுவர் கிடைக்கும், அது பலவீனமான குழுவின் பாதையை அடைக்கும். இதைச் சாய்ந்து தாக்குவது என்று சொல்லலாம். கிழக்கே சத்தம் போட்டு மேற்கே அடிப்பது. இந்த உத்தி புரிந்த நாளில் ஆட்டம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

எதிராளிக்கு இரண்டு பலவீனமான குழு இருந்தால்?

இரண்டுக்கும் நடுவில் புகுந்து பிரித்துவிடுங்கள். அவர் ஒன்றைக் காப்பாற்ற ஓடும்போது உங்கள் கல் மற்றதை அடைக்கும். ஒரு குழு மட்டும் இருந்தால் நல்ல ஆட்டக்காரர் எப்படியாவது பிழைக்க வைத்துவிடுவார். இரண்டு ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் நிஜமாகவே ஒன்று சாகும். ஆகவே முதல் குழுவைத் துரத்தும்போதே, எந்தத் திசையில் துரத்தினால் இரண்டாவது குழு உருவாகும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஐந்து குழு பிழைக்கலாம், ஆறாவது சாகும் என்று கோ ஆட்டத்தில் ஒரு பழமொழி உண்டு. உங்கள் கற்களுக்கும் அதுவே பொருந்தும்.

பலவீனமான குழு என்னுடையது என்றால்?

முதலில், அந்தக் கற்கள் தேவைதானா என்று பாருங்கள். எதிராளியின் இரண்டு குழுவைப் பிரித்து வைத்திருக்கும் வெட்டுக்கற்கள் என்றால் அவற்றைக் காக்க வேண்டும். அந்த வேலை முடிந்துபோன கற்கள் என்றால் விட்டுவிடலாம். மூன்று கல்லை விட்டுக்கொடுத்து அதற்குப் பதில் வெளியே இரண்டு கல் வைத்துக்கொள்வது பெரும்பாலும் லாபம்.

காக்க வேண்டியது என்றால், அடைபடுவதற்கு முன்னால் தலையை வெளியே நீட்டுங்கள். எதிராளியைவிட ஒரு படி முன்னால் நடுவில் இருந்தாலே பாதி பயம் போய்விடும். ஓட வழியில்லை, எதிராளி நாற்புறமும் வலுவாக இருக்கிறார் என்றால் அப்போது ஒட்டி வைப்பது உங்களுக்கு உதவும். தொட்டால் வலுப்படும் என்ற அதே இயல்பு இப்போது உங்கள் பக்கம். கற்களை ஒன்றோடொன்று கட்டி இழுக்காமல் லேசாக வையுங்கள், எது பிடிபட்டாலும் மற்றது பிழைக்கும்படி. காலி முக்கோணம் (நான்கு புள்ளிச் சதுரத்தில் மூன்றில் உங்கள் கல், நான்காவது காலி) போன்ற கட்டியான வடிவங்களில் மூச்சுப் புள்ளி, அதாவது கற்களை ஒட்டிய காலிப் புள்ளி, குறைவு, கண்ணும் கிடைக்காது.

துரத்துவதை எப்போது நிறுத்துவது?

எதிராளிக்கு ஒரு கண்ணும் வெளியே ஒரு வழியும் கிடைத்துவிட்டால் நிறுத்திவிடலாம். இன்னும் துரத்த வேண்டுமானால் உங்கள் சுவரில் வெட்டுப்புள்ளி விழும் என்ற நிலை வந்தாலும் நிறுத்த வேண்டும். அதுவரை சேர்ந்ததை எடுத்துக்கொண்டு, பெரிய இடத்துக்குப் போங்கள். முழுக்கச் சாகாத குழு பின்னாலும் தொந்தரவு தரும், அந்த வாய்ப்பை ஆஜி என்பார்கள். தேவையில்லாத அட்டாரிகளையும் வெட்டுவேன் என்று மிரட்டி எட்டிப்பார்க்கும் கற்களையும் முன்கூட்டியே வைத்துத் தீர்த்துவிட்டால் அந்த ஆஜி காணாமல் போகும்.

பழைய மேதைகளின் தொடக்கம் இப்போதும் உதவுமா?

கண்டிப்பாக. 1846இல் ஜப்பானிய வீரர் ஷுசாகு வென்ற, காது சிவந்த ஆட்டம் என்று பெயர் பெற்ற ஆட்டத்தை இன்றைக்கும் எடுத்து ஆடிப் பார்க்கிறார்கள். அவர் காலத்தில் கொமி கிடையாது, அதாவது முதலில் ஆடும் கறுப்பின் அனுகூலத்துக்கு ஈடாக வெள்ளைக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே கறுப்பு பதற்றமில்லாமல், பலவீனமில்லாமல் ஆடினால் போதும். ஷுசாகு மூலைகளில் 3-4 வைத்து, நெருங்கி வந்தால் குறுக்காக ஒரு அடி மட்டும் எடுத்து வைத்தார். கொமி வந்த பிறகு இது மெதுவானது என்று ஒதுக்கினார்கள். இன்றைக்குக் கணினிகள் அதே குறுக்கு அடியைத் தாராளமாக வைக்கின்றன.

1933இல் கோ செய்கென், கிட்டானி மினோரு என்ற இரண்டு இளைஞர்கள் புதிய ஃபுசெகி என்ற புரட்சியைத் தொடங்கினார்கள். ஃபுசெகி என்றால் முழுப் பலகைத் தொடக்கம். மூலையை 4-4இலோ 3-3இலோ ஒரே கல்லில் முடித்துவிட்டு, வேகமாக ஓரத்துக்கும் நடுவுக்கும் போவது அவர்கள் வழி. அதே வருடம் தொடங்கிய ஆட்டத்தில் கோ செய்கென், ஹொனின்போ ஷுசாய்க்கு எதிராக 3-3, 4-4, பலகையின் நட்டநடுப் புள்ளி என்று வைத்தார். ஷுசாய் இரண்டு புள்ளியில் வென்றார், ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த மூன்று கற்களைத்தான். பின்னாளில் ஜப்பானிய வீரர் டக்கெமியா மசாக்கி ஒரே பக்கத்தில் மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் பிடித்து நடுவில் பெரிய மோயோ கட்டினார். அதே பாணியோடு 1988, 1989 இரண்டு வருடமும் ஃபுஜிட்சு உலகக் கோப்பையை வென்றார். அவருடைய ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். மோயோ நிலமாவதைவிட, உள்ளே புகுந்த எதிராளியைத் துரத்தித் துரத்திச் சேர்த்த லாபமே அதிகம் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டதா?

தொடக்கம் நிறைய மாறியது, தாக்குதலின் அடிப்படை மாறவில்லை. 2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தின் 37ஆம் கல் ஐந்தாம் கோட்டில் எதிராளிக் கல்லின் தோளில், அதாவது அதற்குக் குறுக்காக ஒரு கோடு மேலே, வந்து உட்கார்ந்தபோது வர்ணனையாளர்களே திகைத்தார்கள். ஐந்தாம் கோட்டில் அப்படி அழுத்தினால் எதிராளிக்கு நான்காம் கோட்டில் நிலம் போகுமே என்பதுதான் அதுவரை எல்லோருக்கும் இருந்த எண்ணம்.

இன்னொரு மாற்றம், 4-4 கல்லுக்குக் கீழே மிகச் சீக்கிரமே 3-3இல் புகுவது. முன்பு வெளியே எழும் சுவருக்குப் பெரிய மதிப்பு கொடுத்தார்கள். அந்தச் சுவருக்கும் ஓட்டைகள் உண்டு, அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த எதிராளியின் பலவீனமான குழு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கணினிகள் காட்டின. குழு இல்லாத இடத்தில் சுவர் இருந்து என்ன பயன்? ஆக, புதிய கணக்கும் யாருடைய கற்கள் பலவீனம் என்ற பழைய கேள்விக்கே வந்து நிற்கிறது.

கட்டாகோ போன்ற இலவச நிரலில் உங்கள் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம், எத்தனை புள்ளி முன்னிலை என்றே சொல்லும். ஆனால் அது காட்டும் முதல் கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் முப்பது கல்லும் அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதன் பட்டியலில் மூன்றாவதாக, அரைப் புள்ளி குறைவாக இருக்கும் எளிய கல் நமக்கு நல்லது.

எப்படிப் பயிற்சி செய்வது?

ஆடிக்கொண்டிருக்கும்போதே 30ஆம் கல்லில் ஒரு முறை, 50ஆம் கல்லில் ஒரு முறை நிறுத்துங்கள். பலகையில் எத்தனை குழு, அவற்றில் எது மிகப் பலவீனம் என்று மனத்துக்குள் சொல்லுங்கள். பதில் உங்கள் குழு என்றால் காப்பு, எதிராளியின் குழு என்றால் தாக்குதல், யாருமே பலவீனமில்லை என்றால் பெரிய இடம். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ள இருபது முப்பது ஆட்டம் ஆகும்.

வாழ்வு-சாவுப் புதிர்களைத் தினமும் கொஞ்சம் போடுங்கள், எளியவையே போதும். ஒரு குழு சாகுமா பிழைக்குமா என்று தெரியாவிட்டால் மேலே சொன்ன எதையும் நம்பிக்கையோடு செய்ய முடியாது. தோற்ற ஆட்டங்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது கடைசிச் சண்டையைப் பார்க்காதீர்கள். அங்கே செத்த குழு முதன்முதலில் அடித்தளத்தை இழந்த கல் எது என்று பின்னோக்கித் தேடுங்கள். பெரும்பாலும் அது 40ஆம் கல்லுக்கு முன்னாலேயே இருக்கும்.